அடைக்கலத்தின் மருமகன்

மரியசெல்வத்தை எங்கள் ஊரில் யாரும் பக்திமான் என்று சொன்னதில்லை. ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற வழியில், மல்லிகைக் கொல்லைகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு தகரக் கொட்டகையில் மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று நிற்கும். அதற்குச் சொந்தக்காரர், டிரைவர், மெக்கானிக் எல்லாமே அவர்தான். வாய்க்கால் வெட்டச் சொன்னால் நூல் பிடித்தாற்போல வெட்டுவார். ஆனால் பொல்லாத கோபக்காரர். பெட்ரோல் பங்கில் ஒருவர் வரிசை தாண்டினால்கூட இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி ஷர்லியையும் மகளையும் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே பைக்கின் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுக்கு ஒருத்தர் செபம் பண்ணினாப் போதாதா சார்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்.

நான் அவருக்கு எதிர்வீட்டுக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். இங்கே சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவரும் ஷர்லியும் வெவ்வேறு சமயங்களில் சொன்னது.

ஷர்லியின் அப்பா பெயர் அடைக்கலம். பக்கத்து ஊர்க்காரர். அவரும் அவர் மனைவி செபமாலையும் பொட்டல் காட்டை வாங்கி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றித் தென்னந்தோப்பு ஆக்கியவர்கள். கஜா புயலில் அந்தத் தோப்பு முழுதாகச் சாய்ந்துபோனது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் சாலை எது, தோப்பு எது என்றே தெரியவில்லை. மரங்களும் மின்கம்பங்களும் பாதையெல்லாம் கிடந்தன. மரியசெல்வம் தூக்கம் இல்லாமல் ஜேசிபியை ஓட்டி வழி எடுத்துக்கொடுத்தார். முதலில் ஆம்புலன்ஸ் வர வழி, அப்புறம் பால் வண்டி, தண்ணீர் லாரி வர வழி. மாமனார் முதல் நாளே ஆள் அனுப்பியிருந்தார். மருமகனால் அங்கே போக முடிந்தது பல நாள் கழித்துத்தான்.

போய் வண்டியை நிறுத்தி இறங்கினார். அடைக்கலம் நேரே வந்து, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் மருமகன் கன்னத்தில் அறைந்தார். மரியசெல்வம் யோசிக்கவே இல்லை, பிடித்துத் தள்ளிவிட்டார். கிழவர் சகதியில் விழுந்தார். முழங்கையில் எலும்பு விலகிவிட்டது.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. ஷர்லி மட்டும் போய் வருவாள். செபமாலை இறந்தபோது மரியசெல்வம் கல்லறைக்குப் போய் ஒரு கைப்பிடி மண் போட்டார், மாமனார் நின்ற பக்கம் திரும்பாமலே வந்துவிட்டார்.

மனைவி போன பிறகு அடைக்கலத்துக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார். ஒருநாள் காலையில் கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வெறும் துண்டோடு நின்று, "செபமாலை பூ மார்க்கெட்ல நிக்கிறா, எந்த பஸ்ஸு போகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தெரிந்தவர் ஒருவர் பார்த்து ஷர்லிக்குப் போன் செய்தார்.

அடைக்கலத்தின் மகன் பெலிக்ஸ் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். "திருச்சியில நல்ல ஹோம் ஒன்னு இருக்குக்கா. விசாரிச்சுட்டேன்" என்றான் போனில். ஷர்லி ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

மரியசெல்வம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஹோமெல்லாம் வேணாம். இங்கிட்டே கூட்டிட்டு வா."

கணவன் மனம் இளகிவிட்டது என்று ஷர்லி நினைத்துக்கொண்டாள். பல மாதம் கழித்து அவர் என்னிடம் உண்மையைச் சொன்னார்: "பாசத்துல சொல்லல சார். மாமனாரைக் கொண்டுபோயி ஹோம்ல தள்ளிட்டான்னு ஊருக்குள்ள பேசுவாய்ங்கள்ல? அந்த வீம்புல சொன்னதுதான்."

ஷர்லி புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். மகள் பள்ளிக்கூட வேனில் போய்விடுவாள். ஆகவே பகல் முழுக்க மாமனாரும் மருமகனும்தான். ஜேசிபிக்கு ஒரு ஆபரேட்டரை வைத்துவிட்டு மரியசெல்வம் வீட்டோடு இருந்தார்.

அடைக்கலத்துக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. முன்னொரு காலத்தில் தோப்பில் உதயசூரியன் என்று ஒருவர் வேலை பார்த்தார். தேங்காய் பறிக்கிறவர், எப்போதோ குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மரியசெல்வத்தைப் பார்த்ததும் கிழவர் முகம் மலர்ந்தது. "உதயா, வந்துட்டியா? எங்கடா போயிட்ட இத்தனை நாளா?" என்றார்.

"நான் உதயன் இல்ல" என்று மரியசெல்வம் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கே பலமுறை சொன்னார். கிழவர் காதில் ஏறவில்லை. சரி, உதயனாகவே இருந்துவிட்டுப் போவோம் என்று விட்டுவிட்டார். விட்டதும்தான் அடுத்த தொல்லை தொடங்கியது. உதயனிடம் மனம்விட்டுப் பேசுவது அடைக்கலத்தின் பழக்கம். அவர் பேசியதெல்லாம் தன் மருமகனைப் பற்றி.

"ஒனக்குத் தெரியாது உதயா. எம்பொண்ணை ஒரு ரவுடிப் பயலுக்குக் கட்டிக் குடுத்துட்டேன். பெத்த அப்பன் மாதிரி இருக்கேன், என்னையக் கீழ தள்ளிட்டான். அவன் வெளங்குவானா?"

காலைக் காப்பிக்கு ஒருமுறை, குளிக்கும்போது ஒருமுறை, சோற்றுக்கு உட்காரும்போது ஒருமுறை. தன்னைப் பற்றிய வசவைத் தானே கேட்டுக்கொண்டு, வைகிறவருக்குத் தானே சோறும் பிசைந்து ஊட்ட வேண்டும். யாருக்குத்தான் பொறுக்கும்? இரண்டாவது வாரமோ என்னவோ, ஒரு மத்தியானம் மரியசெல்வம் எவர்சில்வர் தட்டைச் சோற்றோடு சுவரில் விட்டெறிந்தார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. விடுமுறை நாள், நான் வீட்டில்தான் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அடைக்கலம் கட்டிலின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு இரண்டு கையாலும் தலையை மறைத்திருந்தார். அடி விழும் என்று காத்திருக்கிற குழந்தை அப்படித்தான் இருக்கும். மரியசெல்வம் அதைப் பார்த்தபடியே நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் எங்கே போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோயிலுக்குப் போயிருக்கிறார். உச்சி வெயில், உள்ளே ஒருவரும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாராம். என்ன சொல்லி செபிப்பது என்று தெரியவில்லையாம். சின்ன வயதில் படித்ததெல்லாம் பாதி பாதியாகத்தான் வந்ததாம். கடைசியில் வாய்விட்டுச் சொன்னாராம்: "ஆண்டவரே, எனக்கு இவரைப் பிடிக்கல. இன்னைக்கு ராத்திரிக்கு அவருக்குச் சோறு குடுக்கணும். அதுக்கு மட்டும் எனக்குப் பொறுமை குடுங்க. நாளைக்கு வேணும்னா நாளைக்குக் கேட்டுக்கிறேன்."

இதை என்னிடம் சொன்னபோது வெட்கத்தோடு சிரித்தார். "இதையெல்லாம் செபம்னு ஒத்துக்குவாங்களான்னு தெரியல சார்." நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் அளவில், அதைவிட நேர்மையான செபத்தை நான் கேட்டதில்லை.

மறுநாளும் போனார். அப்புறம் போகவே நேரமில்லை. வீட்டிலேயே, சோறு வடிக்கும்போதோ மாமனாரின் துணிகளை அலசும்போதோ அதே நாலு வார்த்தையைச் சொல்லிக்கொள்வாராம். சில நாள் பொறுமை வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளில் வாசலுக்கு வந்து நின்று மூச்சு வாங்குவார். நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி உள்ளே போய்விடுவார். அப்படித் திரும்பி உள்ளே போனது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அடைக்கலத்துக்கு எல்லாம் மறந்தாலும் செபம் மறக்கவில்லை. கர்த்தர் கற்பித்த செபம் சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். தனியாகவும் சொல்ல மாட்டார், எதிரில் இருப்பவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் மரியசெல்வம் கூடச் சேர்ந்து சொல்லிப் பழகினார். எல்லா வரியும் வந்துவிடும். தீமை செய்தவர்களைப் பொறுப்பதைப் பற்றிய வரி வரும்போது மட்டும் வாய் நின்றுவிடும்.

"ஏன்டா நிறுத்திட்ட? சொல்லு" என்பார் கிழவர்.

"நீங்க சொல்லுங்கய்யா."

"நான் சொல்றது எனக்கு. ஒனக்கு நீதான் சொல்லணும்."

அவர் யோசித்துச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் மரியசெல்வம் அந்த வரியைச் சொன்னார். சொன்ன பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குத்தந்தை ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு வந்து அடைக்கலத்துக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பார். மரியசெல்வம் கதவோரம் கைகட்டி நிற்பார். "நீங்களும் வாங்கிக்கலாமே செல்வம்" என்று ஒருமுறை கேட்டார் ஃபாதர்.

"இன்னும் இல்லீங்க ஃபாதர். உள்ள கொஞ்சம் பாக்கி கெடக்கு."

ஃபாதர் வற்புறுத்தவில்லை. "இருக்கட்டும். வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெல்ல மெல்ல அந்த வீட்டில் ஏதோ மாறியது. மாமனாருக்கு முகச்சவரம் செய்ய மரியசெல்வம் கற்றுக்கொண்டார். இயந்திரத்தின் இரும்புக் கையை அசைத்தே பழகிய கை அது. கிழவரின் ஒட்டிப்போன கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துப் பூப்போல மழித்தார். சாயந்திர வேளைகளில் அவரை ஜேசிபியில் ஏற்றி உட்கார வைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிடுவார். அந்தச் சத்தத்தில் கிழவருக்கு ஒரு சந்தோஷம். புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போது தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிற தோப்புக்கு வாரம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போவார். கிழவர் ஒவ்வொரு கன்றையும் தொட்டுப் பார்ப்பார்.

மருமகனை வைவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் இப்போது உதயன் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"அவரு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும்லய்யா?"

"என்னடா நியாயம்? மாமனாரைத் தள்ளுறது நியாயமா?"

"அது தப்புத்தாங்க" என்பார். முதல்முறை அப்படிச் சொன்னபோது, யாரோ ஒருவரின் தப்பை ஒத்துக்கொள்வது போல அது சுலபமாக வந்துவிட்டதாம். சொன்ன பிறகுதான் உறைத்ததாம், அது தன் தப்பு என்று.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு நாள். மாமனாரைத் தோப்பில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிழவர் அன்றைக்குத் தெளிவாக இருந்தார். மரியசெல்வம் கேட்டார்: "அய்யா, அன்னைக்கு ஒங்க மருமகனை ஏன் அடிச்சீங்க? அவரு ஊருக்கெல்லாம் வழி எடுத்துக் குடுத்துட்டுத்தானே வந்தாரு?"

அடைக்கலம் பக்கத்தில் நின்ற கன்றின் மட்டையைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார்: "எல்லா மரமும் படுத்துக் கெடந்துச்சு உதயா. நானும் அவளும் தண்ணி தூக்கி ஊத்துன மரம். செபமாலை அழுதுக்கிட்டே இருந்தா. நான் அழல. ஆம்பள அழக் கூடாதுன்னு இருந்துட்டேன். அவன் வண்டியில வந்து எறங்குனான். அவன் மூஞ்சியப் பாத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. நம்ம புள்ள வந்துட்டான்னு. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. அழுதுருவேன்னு பயந்து கைய ஓங்கிட்டேன்."

மரியசெல்வத்தின் கையில் இளநீர் அப்படியே இருந்தது.

"நீ அவனைப் பாத்தீன்னா சொல்றியா?" என்றார் கிழவர்.

"என்னன்னு சொல்லட்டும்யா?"

"தப்பு என்னுதுன்னு சொல்லு. எனக்கு நேர்ல சொல்ல வாய் வராது."

"சொல்லிர்றேன்" என்றார் மரியசெல்வம். இளநீரைக் கிழவர் கையில் வைத்தார்.

மறதிக்காரரான அடைக்கலம் இதை மட்டும் மறக்கவில்லை. மறுநாள் காலைக் காப்பியைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "சொன்னியா?"

"சொன்னேங்கய்யா."

"என்ன சொன்னான்?"

"அழுதாருங்க."

"அவனாவது அழுகிறதாவது. பொய் சொல்லாத."

"நெசமாத்தாங்க. ஒங்களைத் தள்ளிவிட்டதுக்கு மன்னிச்சிரச் சொன்னாரு. அன்னையிலருந்து அது நெஞ்சுலயே கெடக்குதாம். எப்படி வந்து கேக்குறதுன்னு தெரியலயாம்."

அடைக்கலம் காப்பியைக் கீழே வைத்தார். "அப்ப அவனை வரச் சொல்லு. இன்னைக்கு மத்தியானம் வந்து எங்கூட உக்காந்து சோறு திங்கட்டும்."

ஷர்லிக்கு அன்றைக்கு வார ஓய்வு. கோழிக் குழம்பு வைத்தாள். மரியசெல்வம் குளித்து, கல்யாணத்துக்குக் கல்யாணம் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாக வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இப்போது அடையாளம் கண்டுகொள்வார் என்று மூன்று பேரும் நம்பினோம்.

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன உதயா, புதுச் சட்டையெல்லாம் போட்டிருக்க? அவன் வந்தானா?"

ஷர்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மரியசெல்வம் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"வந்துட்டாருங்கய்யா."

"எங்கிட்டு இருக்கான்?"

"இங்கிட்டுத்தான். சாப்பிட உக்காந்துட்டாரு" என்று சொல்லி, மாமனார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அடைக்கலம் எதிரே பார்த்துத் தலையை ஆட்டினார். யாரைப் பார்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது. "வாப்பா" என்றார். செபம் ஆரம்பித்தார். மரியசெல்வம் ஒரு வரியிலும் நிற்காமல் கூடச் சொன்னார். பிறகு கிழவர் தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து எதிர்த்தட்டில் வைத்தார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முன்னால் மரியசெல்வம் ஃபாதரிடம் போய்த் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஷர்லியோடு வரிசையில் வந்து நன்மை வாங்கினார். என்ன சொன்னார், ஃபாதர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இதோடு எல்லாம் சுபமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. அடுத்த வாரமே அடைக்கலம் எல்லாவற்றையும் மறந்து, "எம்பொண்ணை ஒரு ரவுடிப் பயலுக்குக் கட்டிக் குடுத்துட்டேன் உதயா" என்று மறுபடி ஆரம்பித்தார். கேட்டதும் எனக்கே சோர்வாக இருந்தது.

"எல்லாம் வீணாப் போச்சே செல்வம்" என்றேன்.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு சார்" என்றார் அவர். "அப்பறம் பாத்தேன். மன்னிக்கிறது ஒரு தடவ செஞ்சு முடிக்கிற வேலைன்னு நெனச்சிருந்தேன். பள்ளம் தோண்டி மூடிட்டுப் போற மாதிரி. அப்படி இல்ல போலருக்கு. தெனம் பல்லு வெளக்குற மாதிரி போலருக்கு. அவரு மறந்தா என்ன, நான் மறுபடி போயி மன்னிப்பு வாங்கிட்டு வாரேன்."

அப்படியே செய்தார். அதற்குப் பிறகு அடைக்கலம் உயிரோடு இருந்த ஒரு வருடத்துக்கும் மேலான காலத்தில், கிழவர் வைய ஆரம்பிக்கும்போதெல்லாம் உதயன் மருமகனிடம் தூது போய் வந்தார். ஒவ்வொரு முறையும் மன்னிப்பு கேட்டு, மன்னிப்பு வாங்கி, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அதில் நடிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கடந்த மார்கழியில் ஒரு காலைப் பொழுதில் அடைக்கலம், ஷர்லி நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். கடைசிவரை மருமகனை அவர் அடையாளம் காணவில்லை. முந்தின நாள் மரியசெல்வத்தின் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும் உதயா" என்று சொன்னது மட்டும்தான். பெலிக்ஸ் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தான். அடக்கத்தின்போது மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் செய்ய வேண்டியது மச்சான்" என்று தேம்பினான். "நீயும் நானும் வேற வேறயா?" என்றார் மரியசெல்வம். ஊர் பார்க்க, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவரும் அழுதார்.

அவர் இப்போதும் கோபக்காரர்தான். போன மாதம்கூட ஒரு லாரிக்காரனைச் சத்தம் போட்டார். ஆனால் சாயந்திரமே அவன் ஊருக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார். என்னவென்று கேட்டதற்கு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன் சார்" என்றார்.

எங்கள் தெருக்கோடியில் லோடு வேன் ஓட்டுகிற நாகராசு வீடு இருக்கிறது. அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். சின்ன வயதில் அப்பாவிடம் நிறைய அடி வாங்கியவன் நாகராசு. அவர் கட்டில் பக்கமே போக மாட்டேன் என்று இருந்தான். எல்லாம் அவன் மனைவி செவந்திதான் பார்த்தாள். அவள் ஷர்லியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை மரியசெல்வம் சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். நாகராசுவுக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. சாமியைப் பற்றியும் பேசவில்லை. "தலையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்க நாகராசு, ஆடுது" என்றார். நாகராசு தயங்கித் தயங்கி வந்து பிடித்துக்கொண்டான். மூன்று சனிக்கிழமை அப்படிப் போனது.

நேற்று சனிக்கிழமை. மரியசெல்வம் போனபோது பெரியவர் முகம் ஏற்கெனவே மழித்திருந்ததாம். தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயம். நாகராசு துண்டால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

"பிளேடைச் சாய்ச்சுப் பிடிக்கணும்" என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, செவந்தி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.